அடுப்படியில் அகப்பட்ட நோன்பு

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவ வீடுகளில் யாருக்கும் கை ஓயாது. கேரல் ரவுண்ட்ஸ், பாடகர் குழுப் பயிற்சி, வெள்ளையடிப்பு, முறுக்கு, அதிரசம், ஊரிலிருந்து வந்து இறங்கும் உறவுகள். இந்த நெரிசலுக்கு நடுவே ஒரு நோன்பையும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்: பண்டிகை முடியும்வரை யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் குறை சொல்வதில்லை என்று பொருத்தனை. தவக்காலத்தில் கறியையும் மீனையும் விடுவதோடு இதையும் சேர்த்து விடுபவர்கள் உண்டு. நல்ல பழக்கம். இதை முதலில் யார், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொன்னார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

அண்மைக்கால ஆரம்பம் சீக்கிரமே கிடைத்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் யூனிட்டி சபைப் போதகராக இருந்த வில் போவன், 2006இல் தன் சபையாருக்கு ஊதா நிற ரப்பர் வளையங்களைக் கொடுத்தார். தொடர்ந்து 21 நாட்கள் குறை சொல்லாமல் இருக்க வேண்டும். வாய் தவறிச் சொல்லிவிட்டால் வளையத்தைக் கழற்றி மறு கையில் மாட்டிக்கொண்டு முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். மறு ஆண்டு இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. வளையங்கள் நாடு நாடாகப் போயின.

அந்த 21 எங்கிருந்து வந்தது? வேதாகமத்திலிருந்து அல்ல. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்தில், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று குறிப்பிட்டிருந்தார். அதுவே நாளடைவில், எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்ற நம்பிக்கையாக ஊர்முழுக்கப் பரவியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள்.

குறை சொல்வதற்கு எதிராக 2017இல் போப் பிரான்சிஸும், வத்திக்கானில் தான் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்து அறைக் கதவில் ஒரு பலகையை மாட்டினார். குறை சொல்லத் தடை என்று அறிவிக்கும் பலகை அது. சால்வோ நோயே என்ற இத்தாலிய உளவியலாளர் தந்த பரிசு. குழந்தைகள் எதிரில் குறை சொன்னால் தண்டனை இரட்டிப்பு என்றும் அதில் எழுதியிருந்தது.

இவற்றுக்கெல்லாம் முந்தைய வேரைத் தேடினால் அந்தியோகியா வருகிறது. 387ஆம் ஆண்டு, தவக்காலத்தை ஒட்டிய நாட்கள். புது வரி விதிக்கப்பட்டதும் மக்கள் கொதித்தெழுந்து பேரரசர் தியோடோசியஸின் சிலைகளையும் அவர் குடும்பத்தாரின் சிலைகளையும் இழுத்துத் தள்ளினார்கள். நகரமே அழிக்கப்படுமோ என்ற பயம். வயதான ஆயர் ஃபிளேவியன் மன்னிப்புக் கேட்கத் தலைநகருக்குக் கிளம்பினார். அந்த நாட்களில் குருவானவர் யோவான் கிறிசோஸ்தோம் இடைவிடாமல் பிரசங்கித்தார். வயிறு மட்டும் நோன்பிருந்தால் போதாது; கண், காது, கை, வாய் எல்லாம் நோன்பிருக்க வேண்டும், மீனையும் பறவையையும் விட்டுவிட்டுச் சகோதரனைக் கடித்துத் தின்னலாமா என்பது அவர் கேட்ட கேள்வி. சத்தியம் செய்வதையும் அவதூறையும் பகையையும் விடச் சொன்னார். நாவின் நோன்பு இங்கே தெளிவாகவே இருக்கிறது. ஆனால் வேலைப் பளுவில் எழுகிற முணுமுணுப்பைப் பற்றிய பேச்சு இன்னும் வரவில்லை.

அது ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில், மோந்தே கசினோ மலையில் கிடைத்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், துறவிகளுக்காக 73 அத்தியாயங்களில் ஓர் ஒழுங்குநூல் எழுதினார். நம் குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளிக் காவிரிக் கரையில் உள்ள சாந்திவன ஆசிரமமும் பிற்பாடு அந்த மரபில் சேர்ந்ததுதான்.

தவக்காலத்துக்கான 49ஆம் அத்தியாயத்தை முதலில் புரட்டினேன். உணவு, பானம், தூக்கம், வெட்டிப் பேச்சு, கேலி ஆகியவற்றைக் குறைக்கச் சொல்கிறார். முறுமுறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதை அவர் ஆண்டு முழுவதுமே விலக்கிவிட்டார். ஓயாமல் முறுமுறுப்பவரை மூத்தவர்கள் இரண்டு முறை தனியே எச்சரிக்க வேண்டும், பிறகு எல்லார் முன்னிலும் கண்டிக்க வேண்டும், அதற்கும் திருந்தாவிட்டால் விலக்கிவைக்கலாம் என்கிற அளவுக்குக் கடுமை காட்டுகிறார். அந்தக் கடுமையை எதிர்பார்த்துத்தான் படித்தேன். எதிர்பாராதது, முறுமுறுப்பை அவர் திரும்பத் திரும்பப் பேசும் இடங்கள்: பங்கீடு, சமையல்கட்டு, திராட்சரச அளவு, சாப்பாட்டு நேரம், விருந்தாளிகளின் சமையலறை.

35ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். சமையல்கட்டு வேலை பொதுவாக எல்லாத் துறவிகளுக்கும் வார முறையில் வரும். உடல் வலு இல்லாதவருக்கு உதவிக்கு ஆள் தர வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு மட்டும் உள்ள நாட்களில் அது பிற்பகலிலோ மாலையிலோதான் கிடைக்கும். பரிமாறுகிறவர் அதுவரை வெறும் வயிற்றோடு நின்று, பசித்த அத்தனை பேருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே, வழக்கமான பங்குக்கு மேல், அவருக்குக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுத்துவிடுங்கள், முறுமுறுப்பில்லாமல் பரிமாறுவார் என்கிறார் பெனடிக்ட். சனிக்கிழமை முறை முடிகிறவர் துண்டுகளைத் துவைத்து வைக்க வேண்டும். அவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் உக்கிராணப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கோடையில் புதன், வெள்ளி நோன்பு. வயலில் வேலை இருந்தாலோ வெயில் கடுமையாக இருந்தாலோ நோன்பைத் தளர்த்தி நண்பகலிலேயே சாப்பாடு போட மடத்தலைவருக்கு உரிமை உண்டு. காரணத்தைப் பெனடிக்டே எழுதுகிறார்: நியாயமான முறுமுறுப்புக்கு இடம் வைக்கக் கூடாது. முறுமுறுப்பிலும் நியாயம் இருக்கலாம் என்று அவ்வளவு கண்டிப்பான மனிதர் ஒப்புக்கொள்கிற இடம் இது. விருந்தாளிகள் குவியும் சமையலறைக்கும் தேவைப்படும்போது கூடுதல் ஆள் கொடுக்கச் சொல்கிறார்.

நம் பொருத்தனைகளில், முறுமுறுப்புக்கான காரணத்தை நீக்கும் இந்தப் பாதி விடுபட்டுப்போயிற்று என்பது என் வருத்தம். கிறிஸ்துமஸ் முந்தின இரவு ஆராதனை முடிந்து வந்து, பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மா ஒரு வார்த்தை அலுத்துக்கொண்டால், “குறை சொல்ல மாட்டேன்னு பொருத்தனை பண்ணினீங்களேம்மா” என்று நினைவூட்டுவது பெனடிக்டின் வழி அல்ல. அவர் வழியில் போனால் முதலில் அம்மா கைக்கு ஒரு டம்ளர் காபி வரும். பக்கத்தில் இன்னொரு அரிவாள்மனை போட்டு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார்.

வேதாகமத்திலும் இரண்டு பாதியும் இருக்கின்றன. சீன் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தபோது முதலில் கிடைத்தது மன்னாவும் காடையும். தண்டனைகள் பின்னால்தான் வருகின்றன. கூடாரத்துக்குள் உட்கார்ந்து முறுமுறுத்ததை மோசே உபாகமத்தில் குற்றமாகச் சொல்கிறார். ஆனால் கடவுளின் முகத்துக்கு நேரே வைத்த புலம்பல்கள் சங்கீதங்களில் ஏராளம். அவற்றை யாரும் நீக்கவில்லை, இன்றும் ஆராதனையில் வாசிக்கிறோம். முறுமுறுக்காமல் எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதைக் காவலில் இருந்தபடி எழுதினார்.

ஆதித் திருச்சபையில் முறுமுறுப்பு ஒன்று எழுந்தது எருசலேமில், சாப்பாட்டைப் பற்றி. சீஷர்கள் பெருகி வேலை கைமீறிய நாட்கள் அவை. அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசும் யூதர்கள் எபிரெயர்மேல் குறைப்பட்டார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை. சபையைக் கூட்டி, பந்திப் பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போனது என்று வேதாகம அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பந்தியைப் பற்றி முறுமுறுப்பு எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் குறிப்பு இல்லை.