பெரிய எழுத்து மரியாதைக்கல்ல

நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனை அதிகம் ஓடுவது ஸ்பெல்லிங்கில் அல்ல, கெப்பிட்டல் எழுத்தில். வசனம் சிம்பிள் எழுத்தில் தொடங்கும். நடுவில் காரணமே இல்லாமல் ஒரு பெரிய எழுத்து எழும்பி நிற்கும். "கவனமில்லாத பிள்ளை" என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளை முதலில் படிப்பது தமிழ் எழுத்து. அதே வயதில் பின்னேரம் மத்ரஸாவில் அரபு எழுத்து. பிறகு சிங்களம். மூன்றிலுமே பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சு இல்லை. அரபு எழுத்து சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் உருமாறும்தான். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அப்படித்தான், பெயருக்கென்று தனியாக ஒன்றுமில்லை.

ஆகவே பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள்: பெரிய எழுத்து என்றால் மரியாதை. டீச்சர், பிரின்சிபல், மதர், ஃபாதர் எல்லாவற்றுக்கும் கெப்பிட்டல். பிள்ளைகள் மட்டுமா? ஊரில் ஆங்கிலத்தில் அடிக்கும் கலியாணக் கார்டையும் கூட்ட அழைப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். தமிழில் "வந்தார்" என்று ஒரு 'ர்' போட்டுக் காட்டும் மரியாதையை ஆங்கிலத்தில் எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுத்தைப் பெரிதாக்கி விடுகிறோம்.

கெப்பிட்டல் பெயருக்குரியது. ஹிட்லருக்கும் கெப்பிட்டல்தான்! 'ரிவர்' சிம்பிள், 'மஹாவலி ரிவர்' என்று அந்த ஆற்றின் பெயராகும்போது இரண்டு சொல்லுக்கும் கெப்பிட்டல். 'மை அங்கிள்' சிம்பிள். 'அங்கிள் சலீம்' கெப்பிட்டல். 'மொஸ்க்' சிம்பிள், 'ரமழான்' கெப்பிட்டல். 'மண்டே' ஒரு நாளின் பெயர், 'டுமாரோ' அப்படியல்ல.

ஒரு தாய் கொப்பியோடு வந்து கேட்டார், "சேர், அல்லாஹ் எண்டதை மகன் சின்ன எழுத்துல எழுதிட்டான், பாவமா?" அரபில் அந்தப் பெயர் மற்ற எழுத்துகளின் அளவிலேயேதான் எழுதப்படுகிறது, இது ஆங்கில இலக்கணப் பிழை, திருத்தினால் போதும் என்றேன். நிம்மதியாகப் போனார்.

தரம் 8இல் ஒரு மாணவி கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "மெத்ஸ், சயன்ஸ் சிம்பிள், இங்கிலிஷுக்கு மட்டும் கெப்பிட்டலா? அவங்கட பாஷை எண்டதாலயா சேர்?" இல்லை மகள். டமில், சிங்கள, அரபிக் எல்லாவற்றுக்கும் அதே ஆங்கிலம் கெப்பிட்டல் கொடுக்கிறது. முஸ்லிம், ஹிந்து, புத்திஸ்ட், கிறிஸ்டியன் எல்லாருக்கும் கொடுக்கிறது. அதைச் சின்ன எழுத்தில் எழுதுவது பெரும்பாலும் நம் பிள்ளைகளேதான்.

'ஐ' மட்டும் வேறு கதை. 'நான்' என்ற பொருளில் அது எங்கே வந்தாலும் கெப்பிட்டல். 'மீ'க்கு அது இல்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஒற்றை எழுத்தாக நின்றபோது கண்ணுக்குத் தப்பிவிடும் என்று நீட்டி எழுதிய வழக்கம் அது. ஜேர்மன்காரர் 'நான்' என்பதைச் சிறிதாகவும் மரியாதைக்குரிய 'நீங்கள்' என்பதைப் பெரிதாகவும் எழுதுகிறார்கள். அந்த ஒரு இடத்தில் நம் பிள்ளைகளின் ஊகம் சரிதான்.

போன வருடம் பழைய மாணவர் ஒருவர் வேலைக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். முதல் எழுத்திலிருந்து கடைசிவரை கெப்பிட்டல். ஏனென்று கேட்டேன். "எல்லாத்தையும் பெரிசாப் போட்டா பிழை வராதே சேர்" என்றார். படிவத்தின் பெட்டிகளுக்குள் அப்படித்தான் கேட்பார்கள், சரி. கடிதம் முழுக்க அப்படி எழுதினால் வாசிப்பவருக்குச் சத்தம் போடுவதுபோல் இருக்கும். எழுதியவருக்கு எங்கே எது வரவேண்டும் என்று தெரியாததும் முதல் பார்வையிலேயே வெளிச்சமாகிவிடும். அவருடைய தகுதி நல்லது, அனுபவமும் இருந்தது. அஸருக்குப் பிறகு இருவரும் இருந்து முழுக் கடிதத்தையும் மாற்றி எழுதினோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைக்குக் கொப்பிகளுக்கு உறை போட்டு ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது முழுப் பெயரையும் கெப்பிட்டலில் எழுதாதீர்கள். நம் பெயர்களுக்கு முன்னால் மூன்று நான்கு இனிஷியல் வரும், அவை கெப்பிட்டல். பெயரில் முதல் எழுத்து மட்டும் கெப்பிட்டல், மிச்சமெல்லாம் சிம்பிள். முதல் கொப்பிக்கு நீங்கள் எழுதுங்கள், மற்றக் கொப்பிகளுக்குப் பிள்ளையை எழுதவிடுங்கள்.