பைக்கு ஏற்ற மண்

நிலத்தில் இருக்கும்போது நல்ல மண்ணாக இருப்பது, நாற்றுப் பைக்குள் போனதும் கெட்ட மண்ணாகிவிடும். குமுளியில் எங்கள் நாற்றங்காலுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் ஒரு பருவமே ஓடிவிடுகிறது. ஏலத்தோட்டத்து மேல்மண்ணை அள்ளிப் பார்த்தால் கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். மண்புழு நெளியும். இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதையே அப்படியே பாலித்தீன் பையில் அடைத்து, மிளகுக் கொடியை ஊன்றி, குமுளி மழையில் வைத்துப் பாருங்கள். ஆடி பிறப்பதற்குள் தண்டின் அடி கறுத்து, இழுத்தால் வேர் வெந்த கீரை மாதிரி கையோடு வரும்.

உரம் போதாமல் வந்த கேடு இல்லை இது. வெளியேற வழியில்லாமல் நின்ற தண்ணீர் செய்த வேலை. நிலத்தில் பெய்கிற மழைக்குக் கீழே மண் இருந்துகொண்டே இருக்கிறது, அது நீரை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். பையில் மண் ஒரு சாணில் முடிந்துபோகிறது. துளை போட்டிருந்தாலும் அடியில் உள்ள நீர் சொட்டாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் மூன்று விரல் கனத்துக்குச் சேறு. உயரமான பை என்றால் அந்தச் சேற்றுக்கு மேல் வேர் மூச்சுவிட இடம் உண்டு. குட்டையான, அகலமான பையில் சேறுதான் மிச்சம். அடியில் ஜல்லி பரப்பினால் வடிந்துவிடும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். வடியாது. அதே சேறு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கான இடம்தான் குறையும். மண் ஒழுகாமல் இருக்கத் துளைமேல் ஓர் ஓட்டாஞ்சில்லு போதும்.

மிளகில் விரைவு வாடல் நோயைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா என்ற கிருமிக்கு இந்தச் சேறு தேர்த்திருவிழா. அதன் வித்துகளுக்கு வால் உண்டு. நீர்ப்படலத்தில் நீந்தியே வேரைத் தேடிப் போகும்.

மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தார் ஏல நாற்றுப் பைக்கு 3:1:1 என்பார்கள்: மூன்று பங்கு காட்டு மேல்மண், ஒரு பங்கு தொழுவுரம், ஒரு பங்கு மணல். மிளகுக்கு வழக்கமாகச் சொல்வது 2:1:1. இதை எல்லோரும் உரக்கணக்காகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இது காற்றுக்கணக்கு. மணலும் தொழுவுரமும் மண்ணுக்குள் பெரிய இடுக்குகளை உண்டாக்குகின்றன. மழை விட்டதும் அந்த இடுக்குகளில்தான் காற்று வந்து உட்காருகிறது. கணக்கு எழுதிய காலத்தில் காட்டு மண்ணும் ஆற்று மணலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. இன்று காட்டிலிருந்து மண் எடுத்தால் வனத்துறை வழக்குப் போடும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வருகிறது. அதில் இருக்கிற கல்மாவைக் கழுவாமல் கலந்தால், நாலு தண்ணீரில் பையின் மேல்பகுதி சிமெண்டுத் தளம் போல இறுகிவிடும். கழுவி எடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் மணலையே மறந்துவிட்டு நெல் உமியைப் போடலாம். உமி மெதுவாகத்தான் மட்கும், ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

சாணம் கம்பம், தேனிப் பக்கத்திலிருந்து லாரியில் மலையேறி வருகிறது. வந்த சாணத்தை அப்படியே பையில் போடுவதில்லை. உலர்ந்த சாணத்தூள் 90 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, அதோடு ஒன்றிரண்டு கிலோ ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம். தண்ணீர் தெளித்துப் புரட்டி, நிழலில் குவித்து, ஈரச் சாக்கு போர்த்துகிறோம். ஈரப்பதம் சரியா என்று பார்க்கக் கையில் அள்ளிப் பிடிக்க வேண்டும். உருண்டை நிற்க வேண்டும், விரல் நடுவே நீர் கசியக் கூடாது, சுண்டினால் உடைய வேண்டும். ஐந்தாம் நாள் சாக்கைத் தூக்கினால் குவியல்மேல் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும். நன்றாகப் பிடித்த குவியலில் லேசாகத் தேங்காய் வாடை அடிக்கும். அழுகல் நாற்றம் வந்தால் நீர் அதிகம் என்று அர்த்தம். எங்கள் நாற்றங்காலில் கூடலூரிலிருந்து வரும் அக்கா ஒருவர் சாக்கைத் தூக்காமலே சொல்லிவிடுவார்: “அண்ணே, இது இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்.” ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் மண் புளிப்பு மண், சுண்ணாம்பு வேண்டும்தான். ஆனால் சாணத்தோடு அதே நாளில் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சுண்ணாம்பை முதலில் மண்ணில் கலந்து, ஈரத்தில் இரண்டு வாரம் போட்டுவைத்து, பிறகுதான் சாணக் குவியலை அதில் இறக்குகிறோம். பூசணக்கொல்லியான போர்டோ கலவையிலும் இதே கவனம் வேண்டும். பையில் அதை ஊற்றினால் அதிலுள்ள செம்பு கெட்ட பூசணத்தோடு நாம் காசு கொடுத்து வளர்த்த பூசணத்தையும் கொன்றுவிடும்.

எங்கள் மலையில் சரியாக இருக்கிற கலவை வேறு ஊரில் எடுபடாது. என் மச்சான் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில், மாடியில் பைகளில் தக்காளியும் மிளகாயும் வைத்திருக்கிறார். கரிசல் பூமி, மழை குறைவு, கணவாய்க் காற்று மதியத்துக்குள் பையை உலர்த்திவிடும். “மாப்ளே, உங்க அளவுலதான் கலந்தேன், சாயங்காலத்துக்குள்ள செடி தலையைத் தொங்கப்போட்டுருது” என்றார். தொங்காமல் என்ன செய்யும்? எங்கள் அளவு நீரைக் கைவிடுவதற்கான அளவு. அவருக்கு நீரைப் பிடித்துவைக்கிற அளவு வேண்டும். மணலைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவு சேர்க்கச் சொன்னேன். அது கிடைக்கும் பொள்ளாச்சி அவருக்குப் பக்கம்தான். ஆனால் நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து வடித்த நீர் வெளுத்துவிட்டால் உப்பும் போய்விட்டது என்று நம்பக் கூடாது; நிறம் வேறு, உப்பு வேறு. உப்பின் அளவைக் காட்டும் கையடக்க இசி மீட்டர் ஒன்று வாங்கினால் சந்தேகம் தீர்ந்தது.

எங்கள் இடுக்கி மலைக்கு வேறொரு விதத்திலும் பெயர் உண்டு. இடுக்கி கோல்டு என்றால் 2013-இல் வந்த மலையாளப் படம் நினைவுக்கு வரும். படத்துக்கு முன்பே அது இங்குள்ள கஞ்சாவின் பெயர். செல்போனில் எதையோ பார்த்துவிட்டுப் பையன்கள் சிலர் வந்து, ‘அந்தச் செடிக்கு’ மண் கலந்து தருவீர்களா என்று கேட்பதுண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் குற்றம், பத்தாண்டு வரை சிறை. தம்பி, மிளகு நாற்று வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று அனுப்பிவிடுவேன். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான இடங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிவரை வளர்க்கலாம். அங்கே தொட்டியில் போடுவது பீட் பாசி, பெர்லைட், மண்புழு உரம். உற்றுப் பார்த்தால் அதுவும் நம் கலவைதான்: பிடித்துவைக்க ஒன்று, இடுக்கு உண்டாக்க ஒன்று, சோறு போட ஒன்று.

கலவை சரியா என்று ஊன்றுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஒரு பையை நிரப்பி, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம்கட்டி நின்றால் நுண்தூள் அதிகம். ஊற்றியது ஊற்றியபடி ஓடிவிட்டால் மட்கு போதாது. வடிந்து முடிந்ததாகத் தெரிகிற பையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒரு மூலையிலிருந்து மேலும் கொஞ்சம் நீர் சொட்டும். அடியில் தொங்கி நின்ற நீர் அதுதான். குமுளியில் அது நிறையச் சொட்டினால் உமியைக் கூட்டுகிறேன். கொழிஞ்சாம்பாறையில் மச்சான் அதைப் பார்த்து, இன்றைக்குத் தண்ணீர் போதும் என்று குழாயை மூடுகிறார்.