லண்டனில் ஒரு அமீனா

ஜப்தி, அமீனா எல்லாம் பழைய சினிமாவில் கடன்பட்ட அப்பா வீட்டுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். 2019-ல் லண்டனில் என் வீட்டுக்கே வந்தது. காலை ஏழு மணி, பல்கூடத் தேய்க்கவில்லை.

அங்கே அமீனாவுக்குப் பெயர் பெய்லிஃப். 2014-லிருந்து சட்டத்தில் 'என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்' என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். வேலை என்னவோ அதேதான். நெஞ்சில் கேமரா மாட்டியிருந்தார்.

"513 பவுண்ட். இப்பவே கட்டணும். இல்லேன்னா காரைத் தூக்கிடுவோம்."

எதுக்கு சார்? பார்க்கிங் அபராதமாம்!

அபராதம் என்னவோ அப்போது 130 பவுண்ட்தான். 14 நாளில் கட்டினால் பாதி. கட்டாமலே விட்டதால் ஒன்றரை மடங்கு, 195. நார்த்தாம்டனில் இதற்கென்றே உள்ள ஆபீசில் கடனாகப் பதிந்ததற்கு அப்போது 8 பவுண்ட். ஃபைல் பெய்லிஃப் கைக்குப் போனதால் 75. அவர் வாசலை மிதித்ததால் 235. அதாவது என் வீட்டு காலிங்பெல்லை அழுத்திய கூலி, நம்ம காசுக்கு இருபதாயிரத்துக்கு மேல்!

நான் ஈஸ்ட்ஹாமில் இருந்தபோது போட்ட அபராதம் அது. காரில் ஒட்டிய சீட்டு காற்றில் போச்சோ, எவனாவது கிழித்தானோ, என் கண்ணில் படவில்லை. பிறகு ஹாரோவுக்கு வீடு மாறி, லைசென்ஸ், கார் புத்தகம் எல்லாவற்றிலும் விலாசம் மாற்றினேன். கவுன்சில்காரர்கள் முதலில் குறித்து வைத்த பழைய விலாசத்துக்கே கடிதம் மேல் கடிதமாகப் போட்டிருக்கிறார்கள்.

"உள்ளே வந்து உட்கார்ந்து பேசலாமே?" என்றார் தேனாக. என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"டேய், திறக்காதே!" என்று ரூம்மேட் பாய்ந்து வந்தான். தஞ்சாவூர்க்காரன், அக்கவுண்ட்ஸ் வேலை, சட்டம் பேசுவதில் வக்கீல் குமாஸ்தா தோற்றார். பார்க்கிங் அபராதத்துக்குக் கதவை உடைத்து வர அவருக்கு அதிகாரமில்லை. நாமாகத் திறந்துவிட்டு, அவர் உள்ளே வந்து சாமான் பட்டியல் எழுதிவிட்டால், அடுத்த முறை கதை வேறு. ஜன்னல் வழியாகவே பேசினோம்.

என் கார் நல்லவேளையாக சர்வீஸுக்குப் போயிருந்தது. தெருவில் நின்றிருந்தால் பூட்டுப் போட்டிருப்பார். வாசலில் நின்றதைக் காட்டி, "அது யாருது?" என்றார்.

"என்னுது. புத்தகம் காட்டவா?" என்றான் ரூம்மேட். அடுத்தவன் பொருளை எடுக்கக் கூடாது.

"நாளைக்கு வந்தா இன்னொரு 235 ஆகும்."

"ஆகாது சார். ஒரு தடவைதான்."

மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அன்றைக்கே டிஇ7, டிஇ9 என்று இரண்டு ஃபாரம் நிரப்பி நார்த்தாம்டனுக்கு ஈமெயில் செய்தேன். முதலாவது 'ஏன் தாமதம்' என்பதற்கு, இரண்டாவது 'நோட்டீஸே எனக்கு வரவில்லை' என்பதற்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் பொய் எழுதினால் கோர்ட்டு அவமதிப்பு. முடிவு வரும்வரை பெய்லிஃப் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. உத்தரவு ரத்து, 75, 235, 8 எல்லாம் ஆவி. நோட்டீஸ் புதிதாக, இந்த முறை சரியான விலாசத்துக்கு வந்தது. அன்று போன் மூலம் பார்க்கிங்குக்குப் பணம் கட்டிய ரசீதை அனுப்பினேன். அபராதமும் போச்சு.

ரூம்மேட்டுக்கு ஈஸ்ட்ஹாம் கூட்டிப் போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில்தான் போனோம்.