கண்ணாகிய குரல்

1948ஆம் ஆண்டு சூன் திங்களில், மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் நீர்வழிகளையும் சோவியத் படையினர் அடைத்தனர். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்கு வேண்டிய மாவும் நிலக்கரியும் வான்வழியே வர வேண்டியதாயிற்று.

அவற்றைச் சுமந்த வானூர்திகள் இறங்கிய களங்களுள் ஒன்று, அமெரிக்க வான்படையின் பொறுப்பிலிருந்த டெம்பிள்ஹோப். அதனைச் சூழ்ந்து அடுக்குமாடி வீடுகள் நின்றன. ஆகஸ்டு 13 அன்று மழையும் தாழ்ந்த மேகமும் ஓடுபாதையை மறைத்தன. இறங்கிய வானூர்தி ஒன்று பாதையைக் கடந்து ஓடித் தீப்பற்றியது; வந்து சேர்ந்த ஏனையவை மேகத்தினுள் நெருக்கமாக வட்டமிட்டன. அதன்பின் கடுமையான ஒழுங்கு பிறந்தது: இறங்க ஒரே முயற்சி, தவறினால் சரக்குடன் திரும்பிவிட வேண்டும்.

அந்த ஒரு முயற்சிக்கு வானொலியே துணை. வழியில் தரைநிலையங்கள் அனுப்பிய அலைகளைப் பற்றி, வானூர்தியின் திசைகாட்டி முள் அந்நிலையத்தைச் சுட்டியது. களத்தை நெருங்கியதும், ரேடார் திரைமுன் அமர்ந்தவர், எவ்வளவு திரும்புவது, எவ்வளவு தாழ்வது என இடைவிடாது கூறினார். இறுதிக் கட்டத்தில் விமானி மறுமொழி கூறுவதில்லை. கேட்டபடி செலுத்துவதே அவர் கடமை.

1949 மே 12இல் முற்றுகை நீங்கியது. அதுவரை, முகம் காணாத ஒருவரின் சொல்லை மற்றொருவர் நம்பியதால், அந்நகரின் அடுப்புகள் அணையாதிருந்தன.