முருங்கை மரத்துப் பிணம்

விக்ரமாதித்தனும் வேதாளமும் மாதிரி வழித்துணைச் சோடி நம்ம கதைகளில் வேறு கிடையாது. ஒருத்தன் நடக்கிறான், ஒருத்தன் தோளில் சவாரி செய்கிறான். நடக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. சவாரி செய்கிறவனுக்கு வாய் ஓயாது. 1985இல் ராமானந்த சாகர் இதைத் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' என்ற தொடராக்கினார். ராஜாவாக அருண் கோவில், வேதாளமாக சஜ்ஜன். பெரிய கதைக்கடலிலிருந்து பிரித்தெடுத்த கிளை, பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சரக்கு. அதே சாகர் 1987 ஜனவரியில் இராமாயணம் போட்டார். வேதாளத்தைச் சுமந்த அதே கோவில் ராமரானார். 2024இல் மீரட்டிலிருந்து பாஜக எம்.பி.யும் ஆனார். விளையாட்டுச் சரக்கு எங்கே கொண்டு போய் விட்டது பாருங்கள்.

என் சின்னம்மா இந்தத் தொடரை ஊர்த்தெரு வீடொன்றின் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் லீவு. திண்ணையில் ஏறக் கூடாது, சன்னல் கம்பியைத் தொடக் கூடாது. இந்தி ஒரு வார்த்தை புரியாது. கதை மட்டும் தெரியும். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்தப் படத்தை, எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்திருக்கிறார்கள்: ஒரு கையில் வாள், தோளில் பிணம்.

போன மாதம் கைபேசியில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டே பார்த்தாள். "ஏய் புள்ள, நடுச்சாமத்துல சுடுகாட்டுக்குள்ள போறானே, வெட்டியான எங்க காணோம்?" என்றாள்.

எம்.ஏ. தமிழில் கதைக்குள் கதை என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியிருக்கிறோம். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. சுடுகாடு இருக்கிறது, எரிகிற பிணம் இருக்கிறது, நரி இருக்கிறது, பேய்கூட இருக்கிறது. எரிக்கிற ஆள் மட்டும் இல்லை. ராஜா பிணத்தைத் தூக்கினால் அது வீரம். அவனுக்குத் தீட்டு ஒட்டுவதில்லை. காலங்காலமாகத் தூக்கியவர்களுக்குத்தான் ஒட்டியது, அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

இன்னொன்றும் உண்டு. அந்த ராஜா திரும்பத் திரும்பப் பிணத்தோடு நடக்கிறான், ஒருத்தனும் வழி மறிக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதை சாதி இந்துக்களின் நிலத்தில் மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வேதாளம் கதை சொல்ல வேண்டிய பாதை அது.

இந்தக் கதைகளின் மூலத்தைப் பற்றியே ஒரு கதை உண்டு. குணாட்டியர் பிருகத்கதையைப் பைசாசி மொழியில், தன் ரத்தத்தால், ஏழு லட்சம் சுலோகமாக எழுதினாராம். பேய்ப் பாஷை என்று சாதவாகன ராஜா ஒதுக்கிவிட்டான். குணாட்டியர் காட்டில் உட்கார்ந்து மிருகங்களுக்கு வாசித்துக் காட்டி, ஏடு ஏடாகத் தீயில் போட்டார். ஆறு லட்சம் போனது, ஒரு லட்சம் மிஞ்சியது. கொங்குவேளிரின் பெருங்கதை அந்த வழியில் தமிழுக்கு வந்தது. காஷ்மீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் அதன் சாரம் என்று சமஸ்கிருதத்தில் கதாசரித்சாகரம் எழுதினார், சூரியமதி ராணியின் மனமகிழ்ச்சிக்காக. வேதாளத்தின் கதைகளும் அதில் இருக்கின்றன. பேய்ப் பாஷைக்காரர்களின் சரக்கு அரண்மனைக்குள் போகும்போது எப்படி மாறும் என்பதற்கு அதில் ஒரு கதை போதும்.

அனங்கரதி என்ற அரசகுமாரி. பெண் கேட்டு நாலு பேர் வருகிறார்கள், வர்ணத்துக்கு ஒருத்தராக. சூத்திரன் நெசவாளி, தினமும் ஐந்து சோடித் துணி நெய்கிறான். சாமிக்கு ஒன்று, பிராமணருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, வரப்போகிற பெண்சாதிக்கு ஒன்று, விற்றுச் சாப்பிட ஒன்று. வைசியனுக்குப் பறவை மிருகங்களின் பேச்சு தெரியும். சத்திரியனுக்கு வாள். பிராமணன் செத்தவரை எழுப்புவான். யாருக்குக் கொடுக்கலாம்? சத்திரியப் பெண்ணைச் சூத்திரனுக்கு எப்படிக் கொடுப்பது என்று வேதாளத்தையே கேட்டுவிட்டு, வாள்காரனுக்கே என்கிறான் ராஜா. வேதாளம் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும் என்பது கதையின் சட்டம். சாதியை மீறிப் பதில் சொன்னவர்களின் தலைக்கு என்ன ஆகும் என்பதை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் பார்த்தோம். சங்கர் செத்தார். வெட்டுப்பட்ட கௌசல்யா பிழைத்து, கோர்ட்டில் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார்.

நாலு பேர் என்பதையும் கவனியுங்கள். அந்தப் பந்தியில் ஐந்தாவது ஆளுக்கு இலையே போடவில்லை.

எங்கள் தெருவில் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். பயர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றேன். ஒரே கூச்சல். நெசவாளிதான் ஜெயித்தான். "தீவாளிக்கு மட்டுமா, தெனமும் புதுத்துணிக்கா!" செத்தவரை எழுப்புகிறவனுக்கும் ரெண்டு மூணு கை தூக்கினார்கள், அந்தப் பிள்ளைகளில் ஒருவன், வெடி விபத்தில் தகப்பனை இழந்தவன். வாள்காரனுக்கு ஒருத்தருமில்லை. எட்டாவது படிக்கிற பெண்ணொருத்தி கையே தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"இல்லக்கா, அவளக் கேட்டாகளா?"