நடை சாத்திய பிறகு வந்தவர்கள்



போன வாரம் கெடா பக்கம் ஒரு கும்பாபிஷேகத்துக்கு உதவிக்குப் போயிருந்தோம். திரும்பும்போது பட்டர்வொர்த்தில் கோலாலம்பூர் ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது. "சும்மா ஸ்டேஷன்ல உட்கார்ந்து என்ன பண்றது? பினாங்கு போய் மாரியம்மனைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார் நம் மடப்பள்ளி ஐயா. வயது 74.

ஃபெரியில் ஐயா உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தபடி நின்றார். அவர் அம்மா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில்தான் இறங்கினாராம். "கரை இறங்கினதும் நடந்து போய் முதல்ல மாரியம்மனைத்தான் கும்பிட்டேன்னு சாகுற வரைக்கும் சொல்லும்" என்றார்.

அதனால் டாக்சி வேண்டாம் என்றுவிட்டார். முட்டி வலி வேறு. கடைவரிசைகளின் அஞ்சடி நிழலில் நின்று நின்று நடந்தோம். லிட்டில் இந்தியாவில் மாலை வாங்கினோம். குவீன் தெருவில், 1833-இல் கட்டிய அந்தக் கோயில் வாசலுக்குப் போனபோது மதிய நடை சாத்தியாகிவிட்டது. நேரம் பார்க்காமல் போனது எங்கள் தவறுதான். சாயந்தர நடை வரைக்கும் இருந்தால் ரயில் போய்விடும்.

எங்களுக்கு முகமே இல்லை. ஐயா செருப்பைக் கழற்றினார். கொதிக்கிற தரையில் நின்று கைகூப்பினார். மாலையைக் கதவுக் கம்பியில் கட்டினார். "கதவு சாத்தினா என்னப்பா, அம்மா நின்ன இடம் இதுதானே" என்றார். கண் கலங்கியிருந்தது.

பின்பக்கம் போனால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. அதே சாலையில்தான் குவான் யின் கோயிலும். ஊதுபத்திப் புகை தெருவரைக்கும் வந்தது. அங்கே கொஞ்சம் நின்று, ஐயாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, மெதுவாக ஃபெரிக்குத் திரும்பினோம்.

ரயிலில் யாரும் அதிகம் பேசவில்லை. நம் கோயில் வாசலில் எத்தனை பேரிடம் "நடை சாத்தியாச்சு, சாயந்தரம் வாங்க" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம்! அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், யாருக்காக வந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நடையை நேரத்துக்குச் சாத்தத்தான் வேண்டும், அது முறை. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை முதல் வாசலில் இரண்டு நாற்காலி, தண்ணீர், விபூதி குங்குமத் தட்டு இருக்கும். நடை சாத்திய பிறகும் அரை மணி நேரம் ஒரு தொண்டர் நிற்பார். முதல் பெயர் மடப்பள்ளி ஐயாவுடையது. நேரம் உள்ளவர்கள் உங்கள் பெயரையும் கொடுங்கள்.

அம்மன் துணை.