ஆள்கணக்கு

2024 ஆடி மாதத்திலே ஒரு வார காலம் மத்தியதரைக் கடலில் ஓடும் சிறிய உல்லாசக் கப்பலொன்றில் இருந்தோம். சுவிற்சர்லாந்தில் வாழும் தமக்கையார் தம் திருமணத்தின் வெள்ளி விழாவுக்கு எம்மையும் உடன் அழைத்தமையாலேயே அது கைகூடிற்று. ஆசிரியர் வேதனம் அக்கப்பலின் ஏணிப்படிக்கும் போதாது.

5,000 பேருக்கு மேல் சுமந்து செல்லும் பெருங் கப்பல்கள் அக்கடலில் உண்டு. எமது கப்பலிலே பயணிகள் 150 பேர். அவர்களுக்குப் பணிசெய்வோர் 80 பேர். பெருங் கப்பல் அணுக இயலாத சிறு துறைகளையும் அது அணுகும். பகலெல்லாம் துறையிலே நிற்கும், இரவிலே ஓடும். நண்பகலில் மேற்றளத்துப் பலகை வெறுங்கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். இரவு எட்டு மணியாகியும் வெளிச்சம் அகலாது. படுக்கச் செல்லும்போது தலையணைமேல் அச்சிட்ட தாளொன்று கிடக்கும்: நாளைய துறை, சூரியன் உதிக்கும் நேரம், இராவுணவுக்கு உடுக்க வேண்டிய உடை. மூன்றாம் நாள் முதல் எதனையும் தாமாகச் சிந்திக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. நாமும் அச்சுகத்தில் அமிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

எமது அறையைத் துப்புரவாக்கியவர் பிலிப்பைன்சு நாட்டவர். மகள் பிறந்து இரண்டு மாதத்திலே கப்பலேறியவர்; அவள் இப்போது தவழ்கிறாள் என்பதைக் கைப்பேசியிற் காட்டினார். காலை ஆறு மணிக்கும் அவரைக் கண்டோம். இரவு பத்து மணிக்கும் கண்டோம். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயம் கப்பற் பணியாளருக்கு நாளொன்றில் 10 மணித்தியால ஓய்வு வேண்டும் என்கிறது. 14 மணித்தியால உழைப்பைச் சட்டமே அனுமதிக்குமாயின், சட்டத்தை மீறுவோர் வேறென்ன செய்வரோ!

கப்பலிலே எம்மை மிகவும் கவர்ந்தது ஆளெண்ணும் ஒழுங்கு. ஏறியவுடன் எமது படம் பதித்த அட்டையொன்று தந்தனர். இறங்கும்போதும் ஏறும்போதும் அதனை வாயிலிலுள்ள பொறியிற் காட்டுதல் வேண்டும், மணியொலி எழும், திரையிலே எமது முகம் தோன்றும். 2012 தை 13ஆம் நாள் இத்தாலிக் கரையோரத்தில் ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் மாண்டபின் விதிகள் இறுகின. கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பயணிகள் அனைவரும் கூடி, ஆபத்து வேளையில் செய்ய வேண்டியதைக் கற்றாக வேண்டும். அங்கும் பெயர் கூப்பிட்டு எண்ணினர். மால்டாவின் வலெற்றாத் துறையிலே முதிய தம்பதியர் குறித்த நேரத்துக்கு வந்துசேரவில்லை. அவர்தம் பெயர் ஒலிபெருக்கியில் மும்முறை ஒலித்தது. அவ்விருவருக்காகக் கப்பல் இருபது நிமிடம் காத்து நின்றது. அவர்கள் மூச்சிரைக்க வந்தேறியபோது யாவரும் கைதட்டினோம்.

அன்றிரவு கப்பல் சிசிலியின் சிரக்கூசாவை நோக்கி ஓடிற்று. அக்கடல் வழியை நாம் ஊரிலிருந்தே அறிவோம். 1996 மார்கழி 25ஆம் நாள் விடியுமுன், மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே, கப்பலொன்றிலிருந்து சிறு படகுக்கு மாற்றப்பட்ட மக்கள் அப்படகோடு மூழ்கினர். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். மாண்டோர் குறைந்தது 283 பேர் என்பர். ‘குறைந்தது’ என்னும் சொல்லைக் கவனிக்க. அவர்களை எண்ணுவதற்கு வாயிலும் இல்லை, மணியும் இல்லை. கிரேக்க நாட்டிலே கரையேறித் தப்பியோர் சொன்ன கதை நெடுநாள் நம்பப்படவில்லை. போர்த்தோபாலோ ஊர் மீனவரின் வலைகளில் உடல்கள் ஏறின. அறிவித்தால் விசாரணையிலே தொழில் கெடும் என்றஞ்சி அவற்றை மீண்டும் கடலில் இட்டனர். நாட்கூலியின் அச்சத்தை அறியாதோர் அவர்களை எளிதிற் பழிப்பர். ஈற்றில் மீனவர் ஒருவர் தம் வலையிற் சிக்கிய அடையாள அட்டையொன்றை வெளிப்படுத்தினார். அது எமது தீவின் தமிழ் இளைஞன் ஒருவனுடையது. 2001இல் பத்திரிகையாளர் ஒருவரின் முயற்சியால், 100 மீற்றருக்கும் அதிகமான ஆழத்திலே அப்படகு கண்டறியப்பட்டது.

எமது அயலில் ஓர் அன்னை உளர். 1995 ஐப்பசி இடப்பெயர்வின்பின் காணியை ஈடு வைத்து, ஏஜென்சிக்குப் பணங்கட்டி மகனை அனுப்பியவர். இத்தாலிக்குக் கப்பலேறப் போவதாக அவன் எழுதிய கடிதமே இறுதிக் கடிதம். நாம் புறப்படும்போது, “அந்தக் கடலை ஒருக்கால் பார்த்துக்கொண்டு வா, பிள்ளை” என்றார்.

இதனை உணவு மேசையிலே சொன்னோம். சொல்லியிருக்கலாகாது எனத் தமக்கையார் கண்ணாற் கூறினார். அத்தான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். அவர் ஐரோப்பாவுக்கு எவ்வழியால் வந்தார் என்பதை இவ்வளவு காலமும் நாம் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. மேற்றளத்துக் கம்பியைப் பிடித்தபடி நள்ளிரவு கழியும்வரை நின்றார். நாமும் அருகே நின்றோம். பின்னாலே இசைக்குழு பாடிற்று. கடல் குளம்போற் கிடந்தது. பிலிப்பைன்சு நண்பர் போர்வையொன்றைக் கொணர்ந்து அத்தானின் தோளிலே போட்டுவிட்டு, ஒன்றும் கேளாது போனார்.

ஊர் திரும்பியதும் அன்னையிடம் சென்றோம். கடல் அமைதியாக இருந்தது என்றோம். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நூறு மீற்றருக்கு மேல் என்றோம். சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்திருந்தார்.

“எங்கட கிணறு மாதிரி எத்தனை கிணறு, பிள்ளை?”